பைக்ல ஹீட்டட் கிரிப் மாட்டறது: எதை முதல்ல பண்ணணும், எதைக் கடைசில பண்ணணும்

ஹீட்டட் கிரிப், அதாவது குளிர்ல கை விறைக்காம இருக்க கரண்ட்ல சூடாகற ஹேண்டில் கிரிப், மாட்டறது பெரிய வித்தை இல்ல, ஸ்பேனர் பிடிக்கத் தெரிஞ்ச யாரும் ஒரு நாள் லீவுல முடிச்சிடலாம். ஆனா புதுசா மாட்டறவங்க பெரும்பாலும் ஒரே இடத்துலதான் மாட்டிக்கறாங்க. பெட்டியத் திறந்த உடனே பழைய கிரிப்பை பிளேடு வச்சு கிழிச்சு எறிஞ்சிட்டு, புதுசுக்குப் பசை தடவி உள்ள தள்ளிடறாங்க. பசை காஞ்சதுக்கு அப்புறம்தான் ஒவ்வொண்ணா தெரிய வருது. ஒரு பக்கம் சூடே வரல, இல்லன்னா வயர் பிரேக் லிவர்ல இடிக்குது, இல்லன்னா ஆக்ஸிலேட்டர் விட்டா திரும்பி வரமாட்டேங்குது.

இந்த வேலைல திருப்பி எடுக்க முடியாதது மூணே மூணு. பழைய கிரிப்பை வெட்டறது, த்ராட்டில் டியூபை (ஆக்ஸிலேட்டர் பக்க கிரிப்புக்கு அடியில சுத்தற பிளாஸ்டிக் குழாய்) ராவறது, பசை போடறது. மத்த எல்லாத்தையும் எத்தனை தடவை வேணும்னாலும் கழட்டி மாட்டிக்கலாம். அதனால இந்த மூணையும் எவ்ளோ பின்னாடி தள்ள முடியுமோ அவ்ளோ தள்ளித்தான் கீழ வரிசை போட்டிருக்கேன், நடுவுல எதையும் தாண்டாதீங்க.

1. வாங்கறதுக்கு முன்னாடியே: உங்க பைக் இந்த லோடைத் தாங்குமா?

சாதாரண 12 வோல்ட் கிட் ஃபுல் சூட்டுல 3லேர்ந்து 4 ஆம்பியர் வரைக்கும் இழுக்கும், அதாவது கிட்டத்தட்ட 36லேர்ந்து 50 வாட். ஒரு ஹாலோஜன் ஹெட்லைட் பல்ப் 55 வாட், அதனால இன்னொரு ஹெட்லைட் எக்ஸ்ட்ராவா எரியற மாதிரின்னு கணக்கு வச்சுக்கலாம். பெரிய பைக்குக்கு இது ஒண்ணுமே இல்ல, சின்ன எஞ்சின் பைக்ல இதுதான் பிரச்சனையே.

வாங்கறதுக்கு முன்னாடியே இதைச் சோதிச்சுப் பாத்துடலாம். பேட்டரிய நல்லா சார்ஜ் பண்ணி சில மணி நேரம் சும்மா விட்டுட்டு மல்டிமீட்டர் வச்சா 12.6லேர்ந்து 12.8 வோல்ட் காட்டணும், அதுக்கும் ரொம்பக் கீழ இருந்தா முதல்ல பேட்டரிய கவனிங்க. அப்புறம் எஞ்சினை ஸ்டார்ட் பண்ணி, ஹெட்லைட் போட்டு, நீங்க வழக்கமா ஓட்டற ஆர்பிஎம்ல பிடிச்சு வச்சுப் பாருங்க, 13.8லேர்ந்து 14.5க்குள்ள வரணும். இப்ப ஒரு பழைய 12 வோல்ட் 55 வாட் ஹெட்லைட் பல்பை ரெண்டு வயர்ல நேரா பேட்டரில கொடுத்து எரியவிட்டு அதே ஆர்பிஎம்ல மறுபடி பாருங்க. பல்ப் பயங்கரமா சுடும், கண்ணாடிய வெறுங்கையால தொடாதீங்க, சீட்டு மேலயோ டாங்க்கு பக்கத்துலயோ வைக்காதீங்க.

வோல்டேஜ் 13.3க்கு மேல நிக்குதுன்னா தைரியமா வாங்கலாம். 12.8க்குக் கீழ இறங்கிக்கிட்டே போகுதுன்னா பேட்டரிலேர்ந்து கரண்ட் வெளிய போய்க்கிட்டு இருக்குன்னு அர்த்தம், அந்த பைக்ல ஃபுல் சூட்டுல நெடுந்தூரம் போக முடியாது. முதல்ல ஹெட்லைட்டை எல்இடிக்கு மாத்தி கொஞ்சம் வாட் மிச்சம் பிடிக்க முடியுமான்னு பாருங்க, இல்லன்னா குறைஞ்ச வாட் கிட்டா தேடுங்க. ஐடிலிங்ல மட்டும் இறங்கி, ஆர்பிஎம் ஏத்தினா சரியாகுதுன்னா பயப்பட வேண்டாம், அதை எப்படி சமாளிக்கறதுன்னு பின்னாடி சொல்றேன்.

ஐடிலிங்ல ஹெட்லைட் மங்கி, ரேஸ் பண்ணினா பளிச்சுன்னு ஆகற பழைய சின்ன பைக்கா இருந்தா அதுல ஹெட்லைட் பெரும்பாலும் பேட்டரிலேர்ந்து ஓடல, எஞ்சின்ல கரண்ட் உண்டாக்கற மேக்னட்டோலேர்ந்தே நேரா ஏசி கரண்ட்ல ஓடுது. அந்த மாதிரி பைக்ல பேட்டரி பக்கம் வர்ற சார்ஜ் ரொம்பக் கம்மி, அங்க இந்த பல்ப் டெஸ்டை கண்டிப்பா பண்ணிடுங்க.

2. அளவும் வகையும்

ஹேண்டில்பார் கிரிப் உக்கார்ற இடத்துல பெரும்பாலான பைக்ல 22 மில்லிமீட்டர் விட்டம், குரூஸர் வகை சிலதுல 25.4. நடுவுல தடியா இருக்கற 28.6 மில்லிமீட்டர் பார் கூட ஓரத்துக்கு வரும்போது 22க்கு ஒடுங்கிடும், அதனால நடுவுல அளந்து ஏமாறாதீங்க, கிரிப் ஓரத்துலயே அளங்க.

நீளத்தைத்தான் நிறைய பேர் மறந்துடறாங்க. பழைய கிரிப்பை ஸ்விட்ச் பாக்ஸ் ஓரத்துலேர்ந்து பார் எண்ட் (ஹேண்டில் முனைல மாட்டற மூடி) வரைக்கும் மில்லிமீட்டர்ல அளந்து எழுதி வச்சுக்கங்க, 115லேர்ந்து 135 வரைக்கும் பைக்குக்கு பைக் மாறும். சாதா ரப்பர் கிரிப் நீளமா இருந்தா வெட்டிக்கலாம், இதை வெட்டக்கூடாது, உள்ள ஹீட்டிங் எலிமென்ட் ஓடுது. சில கிட்ல மட்டும் ஓரத்துல இவ்ளோ வரைக்கும் வெட்டலாம்னு கோடு போட்டிருப்பாங்க, அதைத் தாண்டக்கூடாது. பார் எண்ட் வெயிட் இருக்கற பைக்னா கிரிப்போட வெளிப்பக்கம் திறந்து இருக்கணும்.

கிரிப்போடவே எலிமென்ட் சேர்ந்து வர்றது ஒரு வகை, பழைய கிரிப்புக்கு அடியில ஒட்டற மெல்லிசான பட்டை இன்னொரு வகை, மேல சுத்திக் கட்டறது மூணாவது. மேல சுத்தறது அவசரத்துக்கு ஓகே, ஆனா கிரிப் தடியாயிடும், அழுத்திப் பிடிச்சா நகரும், ஆக்ஸிலேட்டர் பக்கம் அப்படி நகர்றதை நான் ஏத்துக்கவே மாட்டேன். நான் சொல்றது முதல் வகைக்கு.

ஆக்ஸிலேட்டர் கேபிள் இல்லாம சென்சார்ல ஓடற பைக்கா இருந்தா, அந்த டியூப் சென்சாரோடவே சேர்ந்து வந்திருக்கலாம். அப்படின்னா ராவித் தப்பாப் போனா முழு யூனிட்டும் மாத்தற நிலைமை வரும். அந்த பைக்குக்குன்னே சொல்லி விக்கற கிட்டை மட்டும் வாங்குங்க.

3. முன்கூட்டியே எடுத்து வச்சுக்க வேண்டியது

பாதி வேலைல கடைக்கு ஓடினா அவசரம் வந்துடும், பசை கைல இருக்கும்போது அவசரம் ஆகாது. மல்டிமீட்டர், ஆலன் கீ செட், ஸ்க்ரூ டிரைவர், கட்டர் பிளேடு, சின்ன தட்டையான அரம், 120, 240 நம்பர் உப்புத்தாள், கிரிம்ப் பண்ற (வயர் முனையை உலோக டெர்மினல்ல வச்சு நசுக்கி இணைக்கற) பிளையர், கிரிம்ப் டெர்மினல், ஹீட் ஷ்ரிங்க் டியூப் (சூடு காட்டினா சுருங்கி ஜாயின்டை மூடற குழாய்), ஜிப் டை, மாஸ்கிங் டேப், ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால், பழைய துணி, லேடெக்ஸ் கையுறை, கண்ணுக்குக் கண்ணாடி.

கிட்ல ரிலே (சின்ன கரண்டை வச்சு பெரிய கரண்டை ஆன், ஆஃப் பண்ற ஸ்விட்ச்) வரலன்னா 4 பின் 12 வோல்ட் ரிலே ஒண்ணு, ஃப்யூஸ் ஹோல்டர் ஒண்ணு தனியா வாங்குங்க. வயர் எக்ஸ்ட்ரா வேணும்னா 1லேர்ந்து 1.5 சதுர மில்லிமீட்டர், பல இழை உள்ளதா இருக்கணும். வீட்டு வயரிங்குக்குப் போடற ஒத்தைக் கம்பி வயர் பைக் அதிர்வுக்கு உள்ளயே ஒடிஞ்சு போயிடும்.

இன்னொண்ணு, கேபிள் வகை ஆக்ஸிலேட்டரா இருந்தா உங்க பைக்குக்கு த்ராட்டில் டியூப் மட்டும் தனியா கிடைக்குதான்னு விசாரிங்க. கிடைச்சா ஒண்ணு வாங்கி அதுல ராவிக்கலாம், ஒரிஜினல் டியூபும் அதுல இருக்கற கிரிப்பும் அப்படியே முழுசா பத்திரமா இருக்கும். இது தெரிஞ்சா பாதி பயம் போயிடும்.

4. பைக்கைத் தொடறதுக்கு முன்னாடி கிட்டை சோதிங்க

மல்டிமீட்டரை ஓம்ஸ்ல வச்சு ரெண்டு கிரிப்போட எலிமென்டையும் தனித்தனியா அளங்க. ஒவ்வொண்ணும் நேரா 12 வோல்ட்ல ஓடற கிட்னா 20 வாட் கிரிப்புக்கு 7 ஓம்ஸ் பக்கம் வரும். கிட்டுக்குக் கிட்டு மாறும், அதனால நம்பரை விட ரெண்டும் பக்கத்துப் பக்கத்துல இருக்கான்னுதான் பாக்கணும். இடது பக்கத்துக்குக் கொஞ்சம் கூட வாட் வச்ச கிட்னா சின்ன வித்தியாசம் இருக்கும், அது தப்பு இல்ல. ஒண்ணுல ஓப்பன், அதாவது இணைப்பே இல்லன்னு காட்டினா எலிமென்ட் அறுந்திருக்கு, அப்படியே பெட்டில போட்டு திருப்பிக் கொடுத்துடுங்க. பசை படாம இருக்கற வரைக்கும்தான் திருப்பி வாங்குவாங்க.

அப்புறம் கன்ட்ரோலர் (சூட்டு லெவலை மாத்தற பட்டன் உள்ள பெட்டி), ரெண்டு கிரிப், ஃப்யூஸ் எல்லாத்தையும் தரையில வச்சே இணைச்சு பேட்டரிக்குக் கொடுங்க. ஒவ்வொரு லெவலா மாத்திப் பாருங்க, ரெண்டும் சூடாகறது கைக்குத் தெரிஞ்ச உடனே ஆஃப் பண்ணிடுங்க. காத்தும் கையும் படாம ஃபுல்ல வச்சு விட்டா தேவையில்லாம ஏறும்.

5. பேட்டரிய கழட்டி, வயர் போற வழியை முடிவு பண்றது

சீட்டையும் தேவைன்னா டாங்க்கையும் கழட்டிட்டு பேட்டரில மைனஸை முதல்ல எடுங்க. பிளஸ்ஸை முதல்ல கழட்டும்போது ஸ்பேனர் ஃப்ரேம்ல பட்டா நேரா ஷார்ட். மைனஸ் போனதுக்கு அப்புறம் பிளஸ் ஃப்ரேம்ல பட்டாலும் ஒண்ணும் ஆகாது. திரும்ப மாட்டும்போது பிளஸ் முதல்ல, மைனஸ் கடைசி.

கன்ட்ரோலரை இடது பக்கம், கிளட்ச் பிடிக்கற கையோட கட்டைவிரல் எட்டற இடத்துல வைங்க. வலது கை ஆக்ஸிலேட்டர்லயும் பிரேக்லயும் இருக்கு, அதை எடுக்க வைக்கக்கூடாது. கண்ணைக் கீழ இறக்காம, தடிமனான கையுறையோட பட்டனை அழுத்த முடியுதான்னு உக்காந்து பாத்துட்டுத்தான் இடத்தை முடிவு பண்ணணும்.

வயர், பைக்ல ஏற்கனவே போற வயர் கூடவே போகட்டும், கம்பெனிக்காரங்க அந்த வழியை யோசிச்சுத்தான் வச்சிருப்பாங்க. ஸ்டீயரிங் தலை பக்கம் தாராளமா லூஸ் விடுங்க, ஹேண்டிலை இந்தக் கோடிலேர்ந்து அந்தக் கோடி வரைக்கும் முழுசா திருப்பி எங்கயாவது இழுக்குதா, ஃப்ரேமுக்கும் ஃபோர்க்குக்கும் நடுவுல நசுங்குதான்னு பாருங்க. சைலன்சர் பைப், எஞ்சின் ஹெட் பக்கமே போகக்கூடாது. ஜிப் டையை இப்பவே இறுக்கி வெட்டாதீங்க, லேசா மாட்டி வைங்க போதும்.

6. கரண்ட் எங்கேர்ந்து எடுக்கறது

நிறைய பேர் குழம்பற இடம் இதுதான், அதனால கொஞ்சம் நிதானமாவே போவோம்.

நேரா பேட்டரில கொடுக்கறது சுலபம், ஆனா வீட்டுக்கு வந்து ஆஃப் பண்ண மறந்தா கதை முடிஞ்சது. 4 ஆம்பியர் இழுத்தா 5 ஆம்பியர் ஹவர் சின்ன பேட்டரி அரை மணி நேரத்துலயே செல்ஃப் எடுக்காத நிலைமைக்கு வந்துடலாம். சில கன்ட்ரோலர்ல வோல்டேஜ் இறங்கினா தானா ஆஃப் ஆகற வசதி இருக்கு, இருந்தாலும் அதை மட்டும் நம்பறது எனக்குப் பிடிக்காது.

இன்னொரு பக்கம், சாவி போட்டா கரண்ட் வர்ற ஏதோ ஒரு வயரைச் சுரண்டி அதுலயே முழு கிட்டையும் தொங்க விடறவங்க இருக்காங்க. டெயில் லேம்ப் வயர் ரொம்ப மெல்லிசு, அதோட ஃப்யூஸும் அதுல ஏற்கனவே இருக்கற லோடுக்குன்னு வச்சது. அதுல 4 ஆம்பியர் கூடப் போனா வயர் சுடும், இல்லன்னா ஃப்யூஸ் போய் ராத்திரி ரோட்ல லைட்டே இல்லாம நிப்பீங்க.

சரியான வழி ரிலே. பெரிய கரண்ட் பேட்டரிலேர்ந்து நேரா வரும், சாவி வயர் ரிலேவை இழுத்துப் பிடிக்க மட்டும், அதுக்கு 0.2 ஆம்பியர் கூட வேண்டாம். ரிலேல நாலு நம்பர் போட்டிருக்கும். 30ங்கறது பேட்டரி பிளஸ்லேர்ந்து ஃப்யூஸ் வழியா வர்றது, 87 கன்ட்ரோலரோட பிளஸ்ஸுக்குப் போறது, 86 சாவி போட்டா கரண்ட் வர்ற வயர், 85 எர்த். கன்ட்ரோலரோட மைனஸை ஃப்ரேம்ல எங்கயோ கடிக்க வைக்காம பேட்டரி மைனஸுக்கே கொண்டு போங்க, பெயின்ட் மேல மாட்டின எர்த் நாளாக நாளாக துருப்பிடிச்சு லூஸ் ஆகி சூடு விட்டு விட்டு வரும், அப்ப எங்க தப்புன்னு தேடியே பொழுது போயிடும்.

86க்கு எந்த வயர்? பேட்டரிய தற்காலிகமா மாட்டி, மல்டிமீட்டரோட கருப்பு முனையை பேட்டரி மைனஸ்ல வச்சு, சாவி ஆஃப்ல 0, ஆன்ல 12 காட்டற வயரைத் தேடுங்க. டெயில் லேம்ப் இல்லன்னா நம்பர் பிளேட் லைட் வயர் வசதியா சீட்டுக்கு அடியிலயே கிடைக்கும். பிரேக் லைட் வயரை எடுத்துடாதீங்க, பிரேக் பிடிச்சா மட்டும் கை சூடாகும். சாவில பார்க்கிங் பொசிஷன் இருக்கற பைக்ல டெயில் லேம்ப் அதுலயும் எரியும், அதையும் ஒரு தடவை திருப்பிப் பாத்துடுங்க. ஃபியூயல் பம்ப், இக்னிஷன், ஏபிஎஸ் வயரைத் தொடவே வேண்டாம், அங்க ஒரு லூஸ் கனெக்ஷன் வந்தா ஓடும்போதே எஞ்சின் நிக்கும். கேன் பஸ் (பைக்கோட எலக்ட்ரானிக் பாகங்கள் ஒண்ணோட ஒண்ணு பேசிக்கற வயரிங்) உள்ள புது பைக்ல கண்ட வயர்ல கை வச்சா மீட்டர்ல எர்ரர் காட்டும், அதுக்குன்னு கம்பெனி விட்டு வச்சிருக்கற ஆக்சஸரி சாக்கெட் லைன்தான் பாதுகாப்பு.

ஃப்யூஸ் எவ்ளோன்னு கிட்ல போட்டிருப்பாங்க, 4 ஆம்பியர் கிட்டுக்கு பெரும்பாலும் 5 இல்ல 7.5. பேட்டரி பிளஸ்லேர்ந்து ஒரு சாண் தூரத்துக்குள்ளயே ஃப்யூஸ் இருக்கணும். ஏன்னா பேட்டரிக்கும் ஃப்யூஸுக்கும் நடுவுல இருக்கற வயருக்குப் பாதுகாப்பே கிடையாது, அந்தத் துண்டு எங்கயாவது உரசி ஷார்ட் ஆனா எரியறதைத் தடுக்க எதுவும் இல்ல.

ஜாயின்ட் எல்லாம் கிரிம்ப் பண்ணி ஹீட் ஷ்ரிங்க் போடுங்க. ஈயம் வச்சா வயர் உள்ள கொஞ்ச தூரம் ஊறிப் போய் விறைச்சுக்கும், அதிர்வுல அந்த விறைப்பு முடியற இடத்துலதான் ஒடியும். வயரை அறுக்காம மேல நசுக்கி மாட்டற பிளாஸ்டிக் கிளிப்பும் வேண்டாம், இழையையும் வெட்டும், தண்ணியும் உள்ள போகும். ரிலே பின் கீழ பாத்த மாதிரி மாட்டினா தண்ணி தேங்காது.

முடிஞ்சதும் பேட்டரி மாட்டி, கிரிப் ரெண்டும் ஹேண்டில்ல சும்மா தொங்கட்டும், சாவி போட்டு சூடு வருதா, சாவி எடுத்தா ரிலே டக்குன்னு விட்டு எல்லாம் ஆஃப் ஆகுதான்னு பாருங்க. இது சரியா வந்ததுக்கு அப்புறம்தான் பிளேடைக் கைல எடுக்கணும்.

7. பழைய கிரிப்பை எடுக்கறது

பார் எண்டைக் கழட்டுங்க. அந்த ஸ்க்ரூல ஒட்டும் பசை போட்டிருப்பாங்க, வராமப் பிடிவாதம் பிடிச்சா ஹேர் டிரையர்ல கொஞ்சம் சூடு காட்டுங்க. ஆலன் கீ தலை வழுக்கிடுச்சுன்னா அது தனி ரோதனை.

கிரிப் தேவைன்னா கம்ப்ரெஸ்ஸர் காத்தை அடியில விட்டா உப்பி நழுவி வரும். தேவையில்லன்னா நீளவாக்குல வெட்டி உரிச்சிடலாம், ஆனா ஆக்ஸிலேட்டர் பக்கம் அடியில இருக்கறது பிளாஸ்டிக் டியூப், பிளேடை ஆழமா இறக்காதீங்க. ஒட்டிக்கிட்டு இருக்கற பழைய பசையைச் சுரண்டி ஆல்கஹால்ல துடைங்க. ஆயில் ஸ்பிரே அடிச்சு எடுத்தா வேலை சுலபமாத்தான் இருக்கும், ஆனா அந்த எண்ணெய்ப் பசை மிச்சம் இருந்தா புதுசு ஒட்டாது.

8. த்ராட்டில் டியூபை ராவறது

டியூப் மேல நீளமாவும் வட்டமாவும் மேடு மேடா இருக்கும், அது பழைய ரப்பர் வழுக்காம இருக்கறதுக்கு. புது கிரிப்போட உள்பக்கம் வழவழன்னு இருந்தா அந்த மேடெல்லாம் போகணும். கேபிள் வகைன்னா டியூபைக் கழட்டி எடுத்து ராவறது நல்லது, கழட்டாமப் பண்றதுன்னா ஸ்விட்ச் பாக்ஸ் இடுக்கை மாஸ்கிங் டேப் போட்டு மூடுங்க. பிளாஸ்டிக் தூள் டியூபுக்கும் பாருக்கும் நடுவுல போனா ஆக்ஸிலேட்டர் இறுக ஆரம்பிக்கும்.

முதல்ல அரம், அப்புறம் உப்புத்தாள். கொஞ்சம் ராவி, மாட்டிப் பாத்து, மறுபடி ராவி, இப்படித்தான் போகணும், ஒரே மூச்சுல மெஷின் வச்சு இழைச்சுடாதீங்க. கையால அழுத்தினா கொஞ்சம் முரண்டு பிடிச்சு உள்ள போகணும், அதான் அளவு. லொடலொடன்னு போச்சுன்னா அதிகமா ராவிட்டீங்க, பசை அந்த இடைவெளியை நிரப்பும்னு நம்பி மேல போகாதீங்க. மேடு மட்டும்தான் போகணும், டியூபோட சுவர் மெலியக்கூடாது. கிரிப் வராம நடுவுல சிக்கினா சுத்தியல்ல தட்டாதீங்க, உள்ள இருக்கற எலிமென்ட் அறுந்துடும்.

டியூபோட வெளி முனை கிரிப்பை விட நீளமா நீட்டிக்கிட்டு இருந்தா அதையும் அளவா வெட்டணும்.

9. பசை இல்லாம ஒரு முழு ஒத்திகை

இந்த ஒரு இடத்துல மட்டும் எவ்ளோ நேரம் ஆனாலும் பரவாயில்ல.

ரெண்டு கிரிப்பையும் பசை இல்லாம முழுசா உள்ள தள்ளி, பார் எண்டையும் மாட்டுங்க. ஆக்ஸிலேட்டர் பக்கம் ஸ்விட்ச் பாக்ஸுக்கும் கிரிப்புக்கும் நடுவுல 1 மில்லிமீட்டர், பார் எண்டுக்கும் கிரிப்புக்கும் நடுவுல 1லேர்ந்து 2 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கணும். எதுலயாவது உரசினா விட்ட உடனே ஆக்ஸிலேட்டர் திரும்பாது, வளைவுல அது உயிருக்கே ஆபத்து.

இப்ப வயர் வெளிய வர்ற இடம். ஆக்ஸிலேட்டரை முழுசா மூடினாலும் முழுசா திறந்தாலும் அந்த வயர் பிரேக் லிவரையோ ஸ்விட்ச் பாக்ஸையோ உங்க கட்டைவிரலையோ தொடக்கூடாது, நீட்டி இழுக்கவும் கூடாது. இந்தக் கோணம்தான் சரின்னு பொதுவா சொல்ல முடியாது, பைக்குக்கு பைக் மாறும், கிரிப்பைக் கொஞ்சம் கொஞ்சமா சுத்தி வச்சுப் பாத்தே கண்டுபிடிங்க. ஆக்ஸிலேட்டர் கூடவே அந்த வயரும் சுத்தும், அதனால அங்க ஒரு சின்ன வளையம் மாதிரி லூஸ் விட்டாகணும்.

ஹேண்டிலை இடது கோடி, நடு, வலது கோடின்னு மூணு இடத்துலயும் வச்சு முழுசா முறுக்கி விட்டுப் பாருங்க, மூணுலயும் சட்டுன்னு தானா மூடணும். அப்புறம் எஞ்சினை நியூட்ரல்ல ஐடிலிங்ல விட்டு ஹேண்டிலைத் திருப்புங்க, ஆர்பிஎம் ஏறிச்சுன்னா ஏதோ வயர் ஆக்ஸிலேட்டரை இழுக்குது.

எல்லாம் சரின்னா கிரிப் மேலயும் ஸ்விட்ச் பாக்ஸ் மேலயும் நேருக்கு நேரா டேப் ஒட்டி ஒரு கோடு போட்டுக்கங்க. பசை போட்ட உடனே யோசிக்க நேரம் இருக்காது, அந்தக் கோடுதான் வழி காட்டும்.

10. பசை

இடது பக்கத்துலேர்ந்து ஆரம்பிங்க. அங்க கோணம் கொஞ்சம் முன்னப் பின்ன போனாலும் ஆபத்து இல்ல, பசை எவ்ளோ வேகமா பிடிக்குதுன்னும் கைக்குத் தெரிஞ்சிடும்.

பாரையும் டியூபையும் உப்புத்தாள்ல லேசா சொரசொரப்பாக்கி, ஆல்கஹால்ல துடைச்சு, முழுசா காய விடுங்க. கையுறை, கண்ணாடி போட்டுக்கங்க. கிட்டோட வர்ற பசை பெரும்பாலும் சூப்பர் குளூ வகை, சில நொடில பிடிச்சிடும். டியூபோட வெளிப்பாதில ரெண்டு மூணு கோடு, கிரிப்போட உள்வாய்ல சில சொட்டு, அவ்ளோதான். உள்பக்கம், அதாவது ஸ்விட்ச் பாக்ஸ் ஓரத்துல தடவாதீங்க. கிரிப் உள்ள போகும்போது பசையை முன்னாடி தள்ளிக்கிட்டே போகும், மிச்சம் வழிஞ்சு டியூபுக்கும் ஸ்விட்ச் பாக்ஸுக்கும் நடுவுல போனா ஆக்ஸிலேட்டரே ஒட்டிக்கும்.

தடவின உடனே ஒரே தள்ளுல, லேசா முறுக்கி, கோட்டுக்குக் கோடு சேர்த்து நிறுத்துங்க. நடுவுல நிறுத்தி யோசிச்சா அங்கயே நின்னுடும். ஆக்ஸிலேட்டர் பக்கம் தள்ளி நிறுத்தின கையோட ஒரு தடவை முறுக்கி விட்டுப் பாத்து, வழிஞ்சது இருந்தா துடைச்சிடுங்க.

அன்னிக்கே வண்டிய எடுக்காதீங்க, 24 மணி நேரம் விட்டுடுங்க. மறுநாள் பலமா முறுக்கிப் பாருங்க, கொஞ்சம் கூட நழுவக்கூடாது. அதுக்கப்புறம் பார் எண்ட், ஜிப் டை எல்லாத்தையும் இறுக்கி, ஒத்திகைல பாத்த மூணு பொசிஷன் சோதனையை இன்னொரு தடவை பண்ணிட்டு, டாங்க், சீட்டை மாட்டலாம்.

11. ஓட்டும்போது எப்படி வச்சுக்கறது

எஞ்சினை ஸ்டார்ட் பண்ணினதுக்கு அப்புறம் ஆன் பண்ணுங்க, செல்ஃப் எடுக்கற நேரத்துல பேட்டரிக்கு வேற லோடு வேண்டாம். முதல்ல ஃபுல், அஞ்சு நிமிஷம் போல ஆனதும் பாதிக்குக் கீழ இறக்கிடுங்க.

கை மரத்துப் போனதுக்கு அப்புறம் ஆன் பண்றது நிறைய பேர் பண்றது. மரத்த கைக்குச் சூடு எவ்ளோன்னு தெரியாது, ஃபுல்லயே விட்டு உள்ளங்கை சிவந்து எரிச்சல் வர்ற வரைக்கும் போயிடுவாங்க. குளிர் ஆரம்பிக்கும்போதே குறைஞ்ச லெவல்ல போட்டுடுங்க. சர்க்கரை நோயால கை உணர்ச்சி குறைஞ்சவங்க ஃபுல் லெவலைத் தவிர்த்துடறது நல்லது.

கையுறை உள்ளங்கைப் பக்கம் மெல்லிசாவும் மேல்பக்கம் தடிமனாவும் இருக்கணும். உள்ளங்கைலயும் பஞ்சு வச்ச கையுறை போட்டா கிரிப்போட சூடு கைக்கே வராது. கிரிப் உள்ளங்கையை மட்டும்தான் சூடாக்கும், விரலோட வெளிப்பக்கம் காத்து அடிச்சுக்கிட்டே இருக்கும், அதனால ஹேண்ட் கார்டும் சேர்த்து மாட்டினா பாதி லெவல்லயே போதும்னு ஆகிடும். கரண்டும் மிச்சம்.

டிராஃபிக்ல ஐடிலிங்ல ரொம்ப நேரம் நின்னா லெவலைக் குறைங்க, அந்த நேரத்துல எஞ்சின்ல கரண்ட் உண்டாக்கற ஸ்டேட்டர் கம்மியாத்தான் கொடுக்கும். ஓட ஆரம்பிச்சதும் ஏத்திக்கலாம். சின்ன பைக்காரங்க ஒரு குட்டி வோல்ட் மீட்டரை ஹேண்டில்ல மாட்டி வச்சா யூகிக்க வேண்டியதே இல்ல.

கழுவும்போது ப்ரெஷர் வாட்டரை கன்ட்ரோலர் மேல நேரா அடிக்காதீங்க. குளிர் இல்லாத மாசங்கள்லயும் எப்பவாவது ஒரு தடவை ஆன் பண்ணிப் பாருங்க, கனெக்டர்ல பச்சை பூத்திருந்தா அப்பவே தெரிஞ்சிடும்.

12. வேலை செய்யலன்னா எங்க தேடறது

இடது பக்கம் வலதை விட சூடு கம்மியா இருக்கா? பெரும்பாலும் இது கோளாறு இல்ல. வலது பக்கம் அடியில பிளாஸ்டிக் டியூப் இருக்கு, சூடு உள்ளயே நிக்கும். இடது பக்கம் நேரா உலோக பார், சூட்டை அது உறிஞ்சிக்கும்.

ரெண்டு பக்கமும் செத்துப் போச்சுன்னா முதல்ல ஃப்யூஸ், அப்புறம் சாவி போடும்போது ரிலே டக்குன்னு சத்தம் போடுதான்னு கேளுங்க. சத்தம் இல்லன்னா 86, 85 பக்கம் தேடுங்க, சத்தம் இருந்தா 30, 87லேர்ந்து கன்ட்ரோலர் வரைக்கும் தேடுங்க. புது ஃப்யூஸும் உடனே போனா எங்கயோ வயர் உரசி ஃப்ரேம்ல படுது, பெரிய ஃப்யூஸ் போட்டு ஓட்டிடலாம்னு மட்டும் நினைக்காதீங்க, அடுத்து எரியப் போறது வயர்.

கொஞ்ச நேரம் ஓடிட்டு தானா ஆஃப் ஆகி லைட் சிமிட்டினா கன்ட்ரோலர் வோல்டேஜ் பத்தலன்னு சொல்லுது, பேட்டரியையும் சார்ஜிங்கையும் அளங்க.

ஒரு பக்கம் மட்டும் வரலன்னா, கனெக்டர் ரெண்டும் ஒரே மாதிரி இருந்தா இடது வலதை மாத்திச் சொருகுங்க. மாத்தினதுக்கு அப்புறமும் அதே கிரிப்லதான் சூடு வரலன்னா கோளாறு கிரிப்ல, இப்ப இன்னொரு கிரிப்ல சூடு வராமப் போச்சுன்னா கன்ட்ரோலர்ல. போனது ஆக்ஸிலேட்டர் பக்க கிரிப்னா முதல்ல வயர் வெளிய வர்ற இடத்தைப் பாருங்க, தினமும் மடங்கி மடங்கி அங்கதான் உள்ள ஒடியும். கனெக்டரைப் பிரிச்சு ஓம்ஸ்ல வச்சுக்கிட்டு ஆக்ஸிலேட்டரை மெதுவா முறுக்குங்க, எந்தக் கோணத்துல ரீடிங் துள்ளி ஓப்பன் ஆகுதோ அங்க வயர் வளையற இடம்தான் ஒடிஞ்சிருக்கு. ஒடிஞ்சது கிரிப்புக்கு வெளிய ரெண்டு விரல் தள்ளின்னா புது வயர் போட்டுக் காப்பாத்திடலாம், ரப்பருக்கு உள்ளன்னா அந்தக் கிரிப்பை மாத்தித்தான் ஆகணும்.